கஃப்ரிஞ்ஞாவுக்குப் பாய் விரித்தவள்

உச்சி வெயில். வஹகோட்டையில் ஒரு வீட்டுக் கேட்டுக்கு வெளியே மணப்பெண் நிற்கிறாள். யாரோ அவள் தலைக்கு மேல் குடை பிடித்திருக்கிறார்கள். வெள்ளைக் கவுனின் ஓரத்தில் செம்மண் புழுதி ஒட்டியிருக்கிறது. உள்ளே முற்றத்தில் அறுபது எழுபது பேர். சமையல் பக்கமிருந்து கறுவாப்பட்டை தாளிக்கும் வாசனை வருகிறது.

அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான், கையில் மண்டலினோடு நிற்கும் ரொஷானைப் பார்க்கிறேன். ரொஷான் என்னைப் பார்க்கிறான்.

ஒருவரும் தொடங்கவில்லை.

கிட்டத்தட்ட எல்லோரும் நிற்கும் அந்த முற்றத்தில் நான் ஒருத்திதான் சம்மணம் போட்டுப் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். கதிரை போட்டிருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்று சொல்லிப் பாய் கேட்டேன். கர்நாடக சங்கீத வயலின்காரியை ஒரு கத்தோலிக்கக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் இதெல்லாம் நடக்கும். பாயைக் கொண்டுவந்த பெண், என்னை ஏதோ ஆசீர்வாதம் பண்ண வந்தவள் என்று நினைத்துப் பாயின் ஓரத்தில் ஒரு தட்டு வெற்றிலையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மணப்பெண் இன்னும் கேட்டில்தான் நிற்கிறாள். அவளை அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, நான் அந்தப் பாய்க்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். குடை இருக்கிறது, பாதகமில்லை.

அலுமாரிக்கு மேலே

போன வாரம் இந்தப் பத்தியில் என் அக்கா சரோஜாவைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக இரண்டே வரி. அக்கா பாடுவாள், நான் வயலின் வாசிப்பேன். மாத்தளையில் கோயில் திருவிழா, கலைவிழா, நவராத்திரி என்று எங்கே மேடை போட்டாலும் நாங்கள் இருவரும் இருப்போம். இருபத்தெட்டு வருடம் இப்படியே ஓடியது.

பக்கவாத்தியம் வாசிப்பவர்களின் பிழைப்பு ஒரு மாதிரியானது. பாடுகிறவர் ஒரு வரி பாடுவார். அரை மூச்சு கழித்து அதையே வயலின் வாசிக்க வேண்டும். அந்த இடைவெளி சபைக்குத் தெரியாமல் வாசித்தால் கெட்டிக்காரி என்பார்கள். நான் கெட்டிக்காரி. அக்கா தும்மினால்கூட நான் பின்னாலேயே தும்மிவிடுவேன் என்று வீட்டில் கேலி பண்ணுவார்கள்.

பிறகு அக்கா மகனோடு கனடாவுக்குப் போய்விட்டாள். விமான நிலையத்தில் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து வயலினை எடுத்து மடியில் வைத்தேன். வில்லைத் தூக்கினேன். என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாத கீர்த்தனையா? நூறு தெரியும். ஆனால் முன்னால் ஒருத்தர் போகாமல் எனக்குக் கை எழவில்லை. வெட்கமாக இருந்தது. பெட்டிக்குள் வைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் அது அங்கேயே தூசி தின்றது.

ஒரு வீட்டின் பிடிவாதம்

நான் பல்லேபொலவில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். என்னோடு அதே கவுண்டரில் நிற்பவள் ஸ்டெல்லா. வஹகோட்டைக்காரி. வீட்டில் சிங்களம் பேசுகிறவள், ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து அவள் தமிழ் என் தமிழைவிட வேகம்.

அவளுடைய கணவர் மார்ட்டின் அண்ணன் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டத்துக்கு வாசிக்கும் வயலின்காரர். மேசனாகவும் வேலை செய்தார். சீமெந்துக் கையைக் கழுவிவிட்டு வில்லைப் பிடிப்பார் என்று ஸ்டெல்லா சொல்வாள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் வழக்கமா என்று கேட்காதீர்கள், அந்த வீட்டு வழக்கம். தேவாலயத்தில் கல்யாணம் முடிந்து வரும் பெண் கேட்டில் நின்றுவிடுவாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் வயலின் கூப்பிட வேண்டும். அது கூப்பிட்ட பிறகுதான் அவள் ஆடிக்கொண்டே உள்ளே வருவாள். ஸ்டெல்லா மருமகளாக அப்படித்தான் வந்தாள். அன்றைக்கு வாசித்தவர் அவளுடைய மாமனார்.

மகள் நிரோஷாவுக்குத் தேதி குறித்த பிறகு மார்ட்டின் அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கை மட்டும் வரவில்லை. வயலினில் சுரம் பிடிப்பது அந்தக் கைதான்.

அவர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார், "இனிமேல் இந்த வீட்டில் வயலின் வேண்டாம். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக் கொள்ளுங்கள்." மகள் அவருக்கு மேல். வயலின் கூப்பிடாவிட்டால் தேவாலயத்திலிருந்து நேரே மாப்பிள்ளையோடு குருநாகலுக்குப் போய்விடுவேன், இந்த வீட்டு வாசலை அன்றைக்கு மிதிக்க மாட்டேன் என்றாள். அப்பாவும் மகளும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

கல்யாண சீசன். ஸ்டெல்லா விசாரித்த வயலின்காரர்கள் எல்லாம் நீர்கொழும்புப் பக்கம் ஏற்கெனவே புக் ஆகியிருந்தார்கள். ஒருநாள் இருமல் மருந்துத் தட்டுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வசந்தா, உங்க கிட்டதான் வயலின் இருக்குதானே?"

"இருக்கு. அலுமாரிக்கு மேல."

"எறக்குங்க."

"ஸ்டெல்லா, நான் வாசிக்கிறது வேற. அது சாமிப் பாட்டு. எனக்கு பைலா கியிலா ஒண்ணும் தெரியாது."

"பைலா இல்ல, கஃப்ரிஞ்ஞா. நாலு கம்பிதானே? எங்க வீட்டு வயலினுக்கும் நாலு கம்பிதான்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ள அன்னைக்கு வீட்டுக்குள்ள வரணும் வசந்தா."

இதற்கு மேல் என்ன பேசுவது? அன்று மாலையே ஸ்டூல் போட்டு ஏறி வயலினை இறக்கினேன். ஒரு கம்பி அறுந்திருந்தது. மேலே ஒரு பல்லி குடித்தனம் நடத்தியிருந்தது.

சப்பாத்து போட்ட சங்கராபரணம்

எனக்குத் தெரியாத ஒன்றை வாசிப்பதற்கு முன் அது எங்கேயிருந்து வந்தது என்று விசாரிக்காமல் இருக்க முடியாது. நூலகத்தில் பார்த்தேன், போனில் தேடினேன், ஸ்டெல்லாவைப் பிடுங்கி எடுத்தேன்.

போர்த்துக்கேயர் கப்பலில் அவர்களோடு ஆபிரிக்கர்களும் வந்தார்கள். சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டவர்கள். கஃபிர் என்று அழைக்கப்பட்ட அவர்களிடமிருந்துதான் கஃப்ரிஞ்ஞா என்ற பெயரே வந்தது என்கிறார்கள். அவர்களுடைய தாளமும் போர்த்துக்கேய மெட்டும் இந்தத் தீவில் ஒன்றாகக் கலந்தன. புத்தளத்துப் பக்கம் அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் பாடி ஆடுகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாணங்களிலும் வயலினோடு இந்த ஆட்டம் உண்டு. பிற்காலத்தில் இதன் வயிற்றில் பிறந்ததுதான் பைலா. போர்த்துக்கேய மொழியில் ஆட்டத்துக்கான சொல்லிலிருந்து வந்த பெயர். மாத்தளை பஸ்ஸில் ஏறினால் டிரைவர் முதலில் போடுவது ஸ்டார்ட்டா பைலாவா என்று சொல்ல முடியாது.

தோட்டத்தில் கிளாக்கராக இருந்த என் அப்பாவுக்கு பைலா ஆகாது. குடித்துவிட்டு ஆடுகிறவர்களின் பாட்டு என்பார். அதைச் சொன்ன அப்பா உட்கார்ந்திருந்த கதிரையும், முன்னாலிருந்த மேசையும், மூக்கைத் துடைத்த லேஞ்சியும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். மடியில் மகள் வைத்திருந்த வயலின்கூட வெள்ளைக்காரனோடு வந்து இறங்கியதுதான். நம் ஊரில் அது கீழே உட்காரப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான்.

வஹகோட்டையும் அப்படி ஒரு கலப்புதான். கண்டி ராசா காலத்தில் போர்த்துக்கேயச் சிப்பாய்களின் குடும்பங்கள் வந்து தங்கிய ஊர் என்பார்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வயல், மிளகுக்கொடி, அந்தோனியார் தேவாலயம், மெழுகுவர்த்தி விற்கும் கடைகள். ஆட்கள் நம்மை மாதிரியே வெயிலில் கறுத்தவர்கள்.

ஸ்டெல்லா தன் போனில் ஒரு பதிவு தந்தாள். யாரோ ஒரு சொந்தக்காரப் பெண் கல்யாணத்தில் மார்ட்டின் அண்ணன் வாசித்தது. அதைக் கேட்டுக்கொண்டே வீட்டில் உட்கார்ந்து சுரம் எழுதினேன். எழுதி முடித்ததும் சிரித்துவிட்டேன். கிட்டத்தட்ட எங்கள் சங்கராபரணம்தான், சப்பாத்து போட்டுக்கொண்டு நிற்கிறது. தாளம் ஆறு எண்ணிக்கை. தகிட தகிட. இவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பின் பலனை நான் பிறகு நன்றாக அனுபவித்தேன்.

கோவாவுக்கு நடுவே கச்சேரி

மண்டலின் வாசிக்கப் போவது ஸ்டெல்லாவின் தம்பி ரொஷான். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் என்கிற காய்கறிச் சந்தையில் கோவாவும், அதாவது முட்டைக்கோசும், கரட்டும் மொத்தமாக விற்பவன். யாழ்ப்பாணத்து வியாபாரிகளிடம் பாதியும் நுவரெலியா ஆட்களிடம் பாதியுமாகத் தமிழ் கற்றவன். அவனால் கடையை விட்டு வர முடியாது. எனவே ஞாயிறு பிற்பகல்களில் நான் தம்புள்ளைக்குப் போனேன்.

கோவா மூட்டைக்கு மேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து வயலினை மடியில் சாய்த்தேன். சுமை தூக்கும் நாட்டாமைகள் மூட்டையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் முதல் வரியை வாசித்தேன். இழைத்து, குழைத்து, ஒவ்வொரு சுரத்தையும் அசைத்து வாசித்தேன். அக்கா கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பாள்.

ரொஷான் தலையைச் சொறிந்தான்.

"அக்கே, கோவிக்க வேணாம். நல்லாத்தான் இருக்கு. ஆனா சுரம் ஆடுது."

"ஆடணும் தம்பி. அதுக்குப் பேர் கமகம்."

"இல்ல அக்கே. சுரம் ஆடக்கூடாது. ஆளுதான் ஆடணும். ரெண்டும் ஆடினா ஆளு விழுந்துரும்."

அவன் சொன்னது சரி. நேராக, சுத்தமாக, துள்ளலாக வாசிக்க வேண்டும். முப்பது வருடமாகக் குழைத்த விரலை நேராக நிற்க வைப்பது லேசான காரியமா? மூன்று ஞாயிறு பிடித்தது. தாளத்திலும் அடி விழுந்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். அவன் எண்ணாதே என்றான்.

"காலைப் பாருங்க அக்கே. கால் எப்ப தரையை விடுதோ அப்ப வில்லு எறங்கணும்."

"யாரு கால?"

"ஆடுறவங்க கால." அங்கே ஆடுகிறவர் யாரும் இல்லாததால் ஒரு நாட்டாமையைக் கூப்பிட்டான். அந்த மனுசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவே அழகாக நாலு அடி வைத்துக் காட்டினார். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. லொறிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கும் இடம் அது. மண்டலின் சத்தம் எனக்குக் கேட்காது என்று, ரொஷான் ஒவ்வொரு தடவையும் தொண்டை கிழிய மெட்டைப் பாடித் தொடங்கி வைத்தான். நான் அவன் குரலுக்கு அரை மூச்சுப் பின்னால் போனேன். எனக்கு அது சுகமாக இருந்தது. பழைய செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி.

மார்ட்டின் அண்ணன் கேட்டது

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஸ்டெல்லா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மார்ட்டின் அண்ணன் முன்வாசலில் கதிரையில் இருந்தார். இடது கை மடியில் கிடந்தது. என் வயலின் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு மனிதரின் இடத்தில் அவர் கண் முன்னாலேயே போய் உட்காருவது சும்மாவா?

ரொஷான் வழக்கம் போலப் பாடித் தொடங்கினான். நான் வாசித்தேன். முடிந்ததும் அவர் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"தங்கச்சி, உங்களுக்கு முன்னால் வழக்கமாக யார் போவார்கள்?"

"அக்கா," என்றேன்.

"அவர் எங்கே?"

"கனடாவில்."

"இப்போது?"

"ரொஷான் இருக்கிறார்தானே."

அவர் தலையாட்டினார். "வாசிப்பு நல்லது," என்றார். வயலின் வேண்டாம் என்று அவர் சொல்லாததே பெரிய காரியம் என்று ஸ்டெல்லா எனக்கு இரண்டு தடவை தேநீர் ஊற்றினாள்.

மறுபடி அந்த முற்றம்

இப்போது கேட்டுக்கு வருவோம். பாவம், நிரோஷா நின்றுகொண்டே இருக்கிறாள்.

ரொஷான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கப் போகிறான்? அந்த வீட்டு வழக்கத்தில் முதலில் கேட்க வேண்டியது வயலின் மட்டும். பெண் முதல் அடி வைத்த பிறகுதான் மண்டலினும் ரபான் மேளமும் சேரும். இது அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், அதனால் எனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டான். நானோ, அவன் பாடுவான் என்று வில்லைக் கம்பியில் வைத்துக்கொண்டு பவ்யமாகக் காத்திருக்கிறேன். கச்சேரி மேடையில் பாடகர் வாயைத் திறக்கும் முன் வாசிப்பது மரியாதைக் குறைவு. மரியாதை தெரிந்த பக்கவாத்தியக்காரி ஒருத்தியால் ஒரு கல்யாணமே நடுத்தெருவில் நின்றது.

ரொஷான் கண்ணைக் காட்டினான். நானும் கண்ணைக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குருநாகல் போகும் வேன் ரோட்டில் எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது. நிரோஷாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் ஒரு தடவை வேன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் தொடங்கப் போவதில்லை.

யாராவது ஒருத்தர் சைகை காட்டினால் போதும் என்று மார்ட்டின் அண்ணனைப் பார்த்தேன். அவர் கதிரையிலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் அவர் கண்ணைத் தொட்டதும், வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டில் நின்ற மகளின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில் இப்படி ஒரு ஆளா என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். ஒரு வெள்ளைச் சப்பாத்து தெரிந்தது. புழுதியில் கிடந்த அதன் குதிகால் மெல்ல மேலே எழும்பியது. வேன் பக்கம் திரும்பவா, வீட்டுப் பக்கம் வரவா என்று அந்தக் காலுக்கே தெரியவில்லை.

கால் தரையை விட்டதும் வில்லை இறக்கினேன்.

முதல் சுரத்தைக் குழைத்துத்தான் தொலைத்தேன். பழக்கம் எங்கே போகும்? இரண்டாவது நேராக நின்றது. மூன்றாவது துள்ளியது. எனக்கு முன்னால் யாரும் இல்லை. நிரோஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து அடி வைத்தாள். மண்டலின் என் பின்னால் வந்து சேர்ந்தது. ரபான் சேர்ந்தது. முற்றம் முழுக்க ஆடத் தொடங்கியது. நான் பாயில் உட்கார்ந்திருந்தபடியே அத்தனை கால்களையும் இழுத்துக்கொண்டு போனேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

அவள் ஆடிக்கொண்டே அப்பாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் எழுந்தார். வலது கையை நீட்டினார். அந்த ஒரு கையைப் பிடித்துக்கொண்டு அவள் அவரைச் சுற்றி வந்தாள். ஸ்டெல்லா வாசல்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்கள் நின்றுவிடுவார்கள் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மார்ட்டின் அண்ணன் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "நான் கையைக் காட்டியிருந்தால் நீங்கள் என் பின்னால் வந்திருப்பீர்கள்," என்றார். "என் மகளை வயலின்தான் கூப்பிட வேண்டும்." கேக் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அக்காவின் குரல்

நிரோஷாவின் சித்தப்பா பையன் எடுத்த வீடியோவை ஞாயிறன்று அக்காவுக்கு அனுப்பினேன். திங்கள் காலை பல்லேபொல பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், அவளிடமிருந்து குரல் செய்தி வந்திருக்கிறது. டிரைவர் பைலாவைப் போட்டிருந்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வசு, என்னடி இது? பாட்டையே காணோம்! யாரு பாடுறாங்கன்னு மூணு வாட்டி பாத்துட்டேன். நீயா முன்னால போற?" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இரு, இரு. இன்னொரு வாட்டி போடுறேன்."

அங்கே அவள் வீட்டில் வீடியோ மறுபடி ஓடத் தொடங்கியது. என் வயலின் கேட்டது. அதன் பின்னால், சொல் இல்லாமல், மெதுவாக, தெரியாத மெட்டைத் தேடித் தேடி அக்கா முனகிக்கொண்டே வந்தாள். என் வில் போகும் இடத்துக்கெல்லாம் வந்தாள்.

அரை மூச்சுப் பின்னால்.